"அவர் சாமியல்லவா, அவருக்கென்ன வலி?"

களத்துக்காரன் (காங்கேயம்) – ஞாயிறு இரவு 11.10

எங்கள் தொழில் தேங்காய்ப் பருப்பு. ஊருக்கு வெளியே இரண்டு களமும் ஒரு சிறிய எண்ணெய் ஆலையும் இருக்கின்றன. அய்யனுக்கு, என் தகப்பனாருக்கு, வாயில் புற்று. கன்னத்தில் சிறு புண்ணாகத் தொடங்கி இப்போது தாடை வரை வந்துவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. பேச்சு குழறுகிறது. காது மட்டும் பழுதில்லாமல் கேட்கிறது.

லெந்து (தவக்காலம்) தொடங்கிய நாளிலிருந்து இரவு அவருக்கு மாற்கு சுவிசேஷத்தின் 14, 15 அதிகாரங்களை வாசிக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து வசனம், அவ்வளவுதான். இதற்குமுன் பெரிய வெள்ளிக்கிழமை கோவிலில் ஒரே மூச்சில் கேட்டதோடு சரி. இப்படி மெதுவாக வாசித்ததே இல்லை.

போன வியாழன், இயேசு பிடிபடுவதற்குமுன் ஜெபித்த கெத்செமனே வந்தது. "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று வாசித்தபோது அய்யன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவர் சாமியல்லவா, அவருக்கென்ன வலி?"

கேலியில்லை, கோபமும் இல்லை. 50 வருடத்துக்கு மேல் கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் அவர். "அவருக்கும் வலித்தது அய்யா" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லக்கூடிய அளவில் இருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற ஆயர் (ஈரோடு) – திங்கள் காலை 6.25

தம்பி, உங்கள் அய்யன் கேட்டது திருச்சபையின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. கிறிஸ்து கடவுளானபடியால் அவர் பாடுபட்டதுபோலத் தோன்றினாரே தவிர உண்மையில் படவில்லை என்று போதித்தவர்கள் முதல் நூற்றாண்டின் முடிவிலேயே இருந்தார்கள். அந்தியோகியாவின் ஆயர் இக்னேசியுசை ரோமாபுரியில் மிருகங்களுக்கு இரையாக்கச் சங்கிலியிட்டுக் கொண்டுபோனார்கள். வழியில் அவர் எழுதிய கடிதமொன்றில் இவர்களுக்குப் பதில் இருக்கிறது. அவர் பட்டது வெறும் தோற்றம் என்றால் நான் ஏன் விலங்கிடப்பட்டிருக்கிறேன், மிருகங்களோடு போராட ஏன் ஆசைப்படுகிறேன் என்று கேட்கிறார். பதில் சொன்னவரும் நோவில் இருந்தவர்தான் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு திருச்சபையின் பொதுச்சங்கங்கள்: 325-இல் நிசேயா, 451-இல் கல்செதோன். கல்செதோனில் கூடியவர்கள் கிறிஸ்துவின் தெய்விகமும் மனிதமும் ஒரே ஆளில் குழப்பமின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி இருக்கின்றன என்று எழுதினார்கள். நான்கும் "இன்றி"தான். எப்படி இருக்கிறது என்று அவர்கள் சொல்லவேயில்லை. உங்கள் பக்கத்தில் கொறங்காட்டை, அந்த மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி வைப்பீர்களே, அதுபோல ஒரு வேலி. உள்ளே போய்ப் பார்ப்பது நம் வேலை.

களத்துக்காரன் – திங்கள் காலை 7.02

நன்றி ஐயா. இக்னேசியுஸ் கதையை அய்யனிடம் சொல்வேன். கல்செதோனைச் சொன்னால் தூங்கிவிடுவார்.

செவிலி அக்கா (கோவை) – திங்கள் மதியம் 2.40

நான் 20 வருடமாகப் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிறேன். ஆயர் ஐயா சொன்னவை சரியாக இருக்கலாம். எனக்கு அது ஒரு வசனத்தில்தான் பிடிபட்டது. மாற்கு 15:23. சிலுவையில் அறைவதற்குமுன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தார்கள், அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அது வலி தெரியாமலிருக்கக் கொடுக்கும் பானம் என்றுதான் பலரும் விளக்குகிறார்கள். வலி இல்லாதவருக்கு அந்தக் கிண்ணம் எதற்கு? வேண்டாம் என்று சொன்னார் என்று எழுதி வைப்பது எதற்கு?

உடனே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் மறுத்தார் என்பதால் உங்கள் அய்யனும் மார்ஃபின் என்ற வலி மருந்தை மறுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் வீட்டுக்குள் விடாதீர்கள். அப்படிச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலி மருந்தைக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள், வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வாய் உலர்ந்தால் சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டையும் நாக்கையும் ஒற்றுங்கள். யோவான் சுவிசேஷத்தில் "தாகமாயிருக்கிறேன்" என்று வருகிற இடத்தில் யாரோ ஒருவர் அதைத்தான் செய்தார், கையில் கிடைத்தது காடியாக இருந்தாலும்.

வெள்ளகோவிலான் – திங்கள் இரவு 9.15

நான் கிறிஸ்தவன் இல்லை. எங்கள் வீட்டில் அண்ணன்மார் சாமிதான், பொன்னரும் சங்கரும். இருந்தாலும் இந்த இழையை இரண்டு முறை படித்தேன்.

மாசியில் வீரப்பூரில் படுகளம் நடக்கும். எங்கள் பக்கத்துக் கோவில்களிலும் உண்டு. உடுக்கையடித்துப் பொன்னரும் சங்கரும் மாய்ந்த கதையைப் பாடும்போது ஆட்கள் அப்படியே சாய்ந்துவிடுவார்கள். வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துவார்கள். அவர்கள் தங்கை தங்காள் வந்து தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். எழுப்பப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், சின்னக் குழந்தைக்குக்கூட. தெரிந்தும் என் அப்பத்தா ஒவ்வொரு வருடமும் மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். "அவர்கள்தான் சாமியாகிவிட்டார்களே, ஏன் அழுகிறாய்?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "சாமியானது பிறகுதானடா, செத்தபோது மனுசன்தானே?" என்றாள்.

உங்கள் அய்யன் கேட்டதற்கு இது பதிலா என்று தெரியவில்லை. நினைவுக்கு வந்தது, சொல்கிறேன்.

சத்தியவசனம் – திங்கள் இரவு 10.30

கட்டுக்கதையையும் கர்த்தருடைய பாடுகளையும் ஒரே தட்டில் வைப்பதை வன்மையாகக் கண்டிக்கிறேன். மட்டுறுத்துநர் அந்தப் பதிவை நீக்க வேண்டும்.

மட்டுறுத்துநர் – திங்கள் இரவு 10.48

நீக்கப் போவதில்லை. ஒரு வீட்டில் நோயாளி இருக்கிறார், ஒருவர் தன் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னார். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆயர் – செவ்வாய் காலை 6.10

வெள்ளகோவிலாரின் அப்பத்தா சொன்னதில் ஒரே இடத்தில் நான் மாறுபடுகிறேன், ஆனால் அந்த இடம் முக்கியமானது. அவர்கள் மனிதர்களாக இறந்து பிறகு சாமியானார்கள். கிறிஸ்துவை அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் எங்கள் விசுவாசம். சிலுவையில் தொங்கியபோதே அவர் தேவன். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, "தேவனுடைய ரூபமாயிருந்தும்... தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" என்கிறார். முன்பு இருந்தவர் இறங்கி வருகிறார். ஏறிப் போகிற கதை வேறு, இறங்கி வருகிற கதை வேறு.

இந்தச் செய்தி அன்றைக்கு எவ்வளவு நகைப்புக்கு இடமாயிருந்தது என்பதற்கு ரோமாபுரியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பாலத்தீன் குன்றிலுள்ள பழைய கட்டடமொன்றின் சுவரில் யாரோ கீறிய கேலிச்சித்திரத்தை 1857-இல் கண்டெடுத்தார்கள். சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், கீழே கையுயர்த்தி நிற்கும் ஒருவன், பக்கத்தில் கிரேக்கத்தில் "அலெக்சமேனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்ற வரி. கடவுள் வலிபட்டார் என்பதை வெளியில் நின்றவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.

பவானிக்கரை நாத்திகன் (ஈரோடு) – செவ்வாய் இரவு 8.20

பெரியார் பிறந்த ஊர்க்காரன் என்பதால் என்னைத் துரத்திவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். களத்துக்காரரின் தந்தைக்கு முதலில் என் வணக்கம். நோயிலும் கேள்வி கேட்கிற மனிதர்.

ஆளுநர் பிலாத்துவின் காலத்தில் ஒருவர் கொல்லப்பட்டார் என்பதில் எனக்குச் சிக்கலில்லை, ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டசே எழுதியிருக்கிறார். என் கேள்வி வேறு. மூன்றாம் நாள் எழுந்திருப்பேன் என்று அவரே முன்கூட்டிச் சொன்னதாக உங்கள் நூல் சொல்கிறது, மாற்கிலேயே மூன்று முறை. முடிவு தெரிந்தவனுக்கு என்ன பயம்? மூன்று நாள் கழித்துத் திரும்பக் கிடைக்கும் பொருளைக் கொடுப்பது தியாகமா?

செவிலி அக்கா – செவ்வாய் இரவு 9.05

அண்ணா, அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே ஒரு நாள் வந்து நில்லுங்கள். பிழைத்துவிடுவோம் என்று நன்றாகத் தெரிந்த மருத்துவர்களே நோயாளியாக வரும்போது கை நடுங்குவதைக் காட்டுகிறேன். பிழைப்போம் என்பது தலைக்குத் தெரியும். உடம்புக்கு அது தெரியாது. வெள்ளகோவிலாரின் அப்பத்தாவுக்கும் முடிவு தெரியும்தானே?

ஓய்வுபெற்ற ஆயர் – செவ்வாய் இரவு 9.40

அதோடு மாற்கு 13:32-ஐயும் பாருங்கள். கடைசி நாள் எப்போது என்பதைப் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார், "குமாரனும் அறியார்" என்று அவரே சொல்கிறார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்ற எண்ணத்தில் நாம் வாசிக்கிறோம். மாற்கு அப்படி எழுதவில்லை.

பவானிக்கரை நாத்திகன் – செவ்வாய் இரவு 9.58

அந்த வசனத்தை உங்களிடமிருந்து எதிர்பார்க்கவில்லை. யோசிக்கிறேன்.

கருமத்தம்பட்டியான் – புதன் காலை 5.50

நாங்கள் கத்தோலிக்கர். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை: இயேசு சிலுவை சுமந்த வழியைத் தலம் தலமாக நினைத்து ஜெபிப்போம். 14 தலங்களில் 3, 7, 9 ஆகிய மூன்றிலும் இயேசு கீழே விழுகிறார். நற்செய்திகளில் அவர் விழுந்ததாக ஒரு வரிகூட இல்லை, அதை எங்கள் பிரிவினை சகோதரர்களான புராட்டஸ்டண்டுகள் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் அமுச்சி, அம்மாவின் அம்மா, ஒன்பதாம் தலத்தில் முழங்காலிட்டால் எளிதில் எழ மாட்டாள். கடவுள் மண்ணில் விழுந்தார், அதுவும் மூன்றாவது முறை, எழ முடியாமல். இப்படிச் சொல்லிப் பார்க்கிற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவளைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் தலத்துச் சீமோன் நற்செய்தியிலேயே இருக்கிறான். மூலமொழியில் அவன் வயற்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தான் என்று இருப்பதாக எங்கள் பங்குத்தந்தை சொன்னார். நம் பேச்சில் சொன்னால் காட்டிலிருந்து வந்தவன். வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவனைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். கடவுளுக்கு ஒரு விவசாயியின் தோள் தேவைப்பட்டது. களத்துக்காரர் அண்ணா, இதை அய்யனிடம் சொல்லிப் பாருங்கள்.

"என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற கூக்குரலைப் பற்றியும் ஒன்று. அது 22-ஆம் திருப்பாடலின் முதல் வரி. அந்தப் பாடல் புகழ்ச்சியில் முடிகிறது. முதல் வரியைச் சொன்னால் முழுப் பாடலையும் சொன்னதாகப் பொருள். ஆகவே அவர் நம்பிக்கை இழக்கவில்லை.

செவிலி அக்கா – புதன் மதியம் 1.30

தம்பி, அமுச்சியைப் பற்றி எழுதியது மனதில் நிற்கிறது. கடைசிப் பத்தியைத்தான் ஏற்க முடியவில்லை. வலியில் இருப்பவருக்கு முதல் வரிதான் வரும். மீதி வராது. முழுப் பாட்டையும் மனதில் வைத்துத்தான் சொன்னார் என்பது நமக்கு ஆறுதலாக இருக்கிறது, அதனால் சொல்கிறோம். கத்தியவரைச் சமாதானமாகப் பேசியவராக மாற்றிவிடுகிறோம்.

கருமத்தம்பட்டியான் – புதன் மதியம் 1.52

அப்படியென்றால் கடவுளே கடவுளால் கைவிடப்பட்டார் என்கிறீர்களா?

ஓய்வுபெற்ற ஆயர் – புதன் மாலை 5.15

இருவருக்கும் இடையில் வருகிறேன், மன்னிக்கவும். ஐந்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் இந்த முடிச்சைத்தான் பிடித்தார். தெய்விகம் தன் இயல்பில் துன்பப்படாது, ஆனால் துன்பப்பட்ட அந்த உடல் வேறு யாருடையதும் அல்ல, வார்த்தையானவராகிய கிறிஸ்துவுடைய சொந்த உடல். ஆகவே பட்டவர் அவரே. நாற்பது வருடம் இதைப் பிரசங்கித்தேன். என் மனைவி கடைசி நாட்களில் இருந்தபோது ஒரு முறைகூட இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

அந்தக் கூக்குரலில் எனக்குக் கையில் நிற்பது ஒரே சொல்தான். "என்." கைவிட்டீர் என்று சொல்லும்போதும் "என் தேவனே" என்கிறார்.

களத்துக்காரன் – புதன் இரவு 11.35

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. களத்தில் பருப்பு காய்கிறது, மேகம் போட்டது, தார்ப்பாய் மூடுவதும் எடுப்பதுமாகப் போய்விட்டது.

திங்கள் இரவு இக்னேசியுஸ் கதையைச் சொன்னேன். அய்யன் கேட்டுவிட்டு, "அவன் நல்லவன்" என்றார். அவ்வளவுதான். சீமோன் கதைக்குச் சிரித்தார். "வேலைக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் அப்போதும் இருந்திருக்கிறது" என்றார்.

நேற்று கெத்செமனேவுக்கே திரும்பிப் போனேன். அந்தப் பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள் என்று வேதாகமத்தின் அடிக்குறிப்பில் இருந்தது. ஒலிவ எண்ணெய் ஆட்டும் இடம். இத்தனை வருடம் அது ஏதோ பூந்தோட்டம் என்றுதான் நினைத்திருந்தேன், கோவில் சுவரில் இருக்கும் படம் அப்படி. படித்ததும் என் தொழில் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் மரச்செக்கு. மாடு ஒரே வட்டத்தில் சுற்றும், உலக்கை அதே பருப்பை மறுபடி மறுபடி அரைக்கும். முதல் சுற்றில் ஒன்றும் வராது. பருப்பு தூளாகி, சூடேறி, பிறகுதான் எண்ணெய் கசியும். கடைசியில் மிஞ்சுவது புண்ணாக்கு. இதை நினைத்துக்கொண்டே வாசித்தபோது 39-ஆம் வசனம் வந்தது: "அவர் மறுபடியும் போய், அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்." அதே வார்த்தைகள்! புதிதாக ஒன்றும் இல்லை. தேவகுமாரனுக்கே அன்றிரவு வேறு ஜெபம் வரவில்லை. நானும் ஒரு மாதமாக ஒரே ஜெபத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுகூடச் சரியில்லையோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. 36-ஆம் வசனத்தில் "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்" என்று இருக்கிறதல்லவா. எங்கள் வீட்டில் அப்பா என்ற சொல்லே கிடையாது, அய்யன்தான். யோசிக்காமல் "அய்யா, எல்லாம் உம்மாலே கூடும்" என்று வாசித்துவிட்டேன். அய்யன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை. "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்பதுவரை அவரைப் பார்த்தே வாசித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எடுத்துப்போட அவராலும் முடியாது, என்னாலும் முடியாது.

ஓய்வுபெற்ற ஆயர் – வியாழன் காலை 6.00

மாற்கு அங்கே அப்பா என்ற அரமேயச் சொல்லை அப்படியே வைத்து எழுதினார், அது நம் சொல்லைப் போலவே ஒலிப்பது தற்செயல். இதைப் பெரிய ஆராய்ச்சியாக்கி மொழிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு, அந்தப் பக்கம் போக வேண்டாம். உங்கள் வாய்க்கு வந்ததுதான் சரியான மொழிபெயர்ப்பு.

சத்தியவசனம் – வியாழன் காலை 9.20

என் தகப்பனாரும் இதே நோயில்தான் போனார். உங்களுக்காக ஜெபிக்கிறேன். முன்பு கடுமையாக எழுதியதற்கு வெள்ளகோவிலார் பொறுத்துக்கொள்ளட்டும்.

வெள்ளகோவிலான் – வியாழன் காலை 10.05

அதெல்லாம் ஒன்றுமில்லைங்க.

பவானிக்கரை நாத்திகன் – வியாழன் இரவு 8.45

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் இந்த இரண்டு அதிகாரங்களையும் நேற்றிரவு உட்கார்ந்து படித்தேன். ஒன்று கண்ணில் பட்டது. "ஏலோயி, ஏலோயி" (என் தேவனே, என் தேவனே) என்று அவர் கத்தியதும் பக்கத்தில் நின்றவர்கள் எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுகிறான் என்கிறார்கள். ஒருவருக்கும் சரியாகக் கேட்கவில்லை. உங்கள் கடவுளின் கடைசிப் பேச்சு தப்பாகக் கேட்கப்பட்டிருக்கிறது. அதை மறைக்காமல் எழுதி வைத்தவனின் நேர்மையை மதிக்கிறேன்.

களத்துக்காரன் – வெள்ளி இரவு 11.50

நாத்திகர் அண்ணாவுக்கு நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இன்று அந்தப் பகுதியை வாசித்தேன்.

அய்யன் தண்ணீர் என்றால் எங்களுக்குத் தலையணை என்று கேட்கிறது. நேற்று ஏதோ ஒரு பெயரைச் சொன்னார், நாங்கள் அத்தையைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போன் போட்டு வரவழைத்துவிட்டோம். அவர் கேட்டது விசிறி. அதனால் "இதோ, எலியாவைக் கூப்பிடுகிறான்" என்று வாசித்ததும் அவர் முகம் மாறியது. மறுபடியும் வாசிக்கச் சொல்லிச் சைகை செய்தார். வாசித்தேன். "அவருக்கும் வாய் குழறியிருக்கிறது" என்றார். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி. இந்த முறை சரியாகக் கேட்டது.

முதல் நாள் கேட்ட கேள்வியை அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

அப்படியே 15-ஆம் அதிகாரத்தின் 39-ஆம் வசனம். "அவருக்கு எதிரே நின்ற நூற்றுக்கு அதிபதி அவர் இப்படிக் கூப்பிட்டு ஜீவனை விட்டதைக் கண்டபோது: மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன் என்றான்." மத்தேயுவில் அவன் பூமி அதிர்ந்ததைக் கண்டு சொல்கிறான். மாற்கில் அவன் கண்டதாகச் சொல்வது ஒருவர் கத்திச் செத்ததை மட்டும். அதே மாற்கில், அவர் தண்ணீர்மேல் நடந்தபோதும் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோதும் ஒரு மனுஷனும் சொல்லாத வார்த்தை, கொலைக்குக் காவல் நின்ற சிப்பாய் வாயில் வருகிறது, அதுவும் அந்த நேரத்தில். இதை அய்யனிடம் விளக்கப் போனேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். மேலே வாசி என்றார்.

40-ஆம் வசனம், சில ஸ்திரீகள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூரத்திலா?" என்றார்.

"ஆமாம் அய்யா."

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி, கிட்டே இழுத்துப் போடு என்று கையசைத்தார். போட்டேன். பஞ்சை நனைத்து உதட்டை ஒற்றினேன். 41-ஆம் வசனத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.